பதினேழு வீட்டுக் கைநாட்டு

உக்குவளை
12.07.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி சந்திரகாந்தா எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மச்சானும் பிள்ளைகளும் நல்ல சுகம். கோத்தகிரியில் நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்காலை டாக்டரிடம் காட்டினீர்களா, இல்லை இன்னும் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு அண்ணியின் உயிரை எடுக்கிறீர்களா?

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நான்கு கொம்பியூட்டர் வந்து ஒரு வருடமாகிறது. இத்தனை நாளும் துணி போட்டு மூடி வைத்து, சரஸ்வதி பூசைக்கு மட்டும் திறந்து சந்தனப் பொட்டு வைத்தோம். போன மாதம் ஜுனைதீன் என்று ஒரு கணித ஆசிரியர் மாற்றலாகி வந்தார். வந்த அன்றே துணியை உருவிவிட்டார். மனுசனிடம் சொந்தமாக ஒரு டிஜிட்டல் கமராவும் இருக்கிறது. இப்போது என் உயர்தர அரசியல் வகுப்பு முழுக்க அந்த அறையில்தான் குடியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கேள்வி. பாடப் புத்தகத்தில் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் நான்கே வரி. தோட்டத் தமிழரில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு. நானும் இருபது வருடமாக அதைத்தான் ஒப்பிக்க வைத்தேன். நாச்சியா என்று ஒரு பிள்ளை, தகப்பனுக்கு இங்கே துணிக்கடை. அவள் எழுந்து நின்று, "டீச்சர், அந்த அஞ்சேகால் லட்சத்துல நம்ம மேல இருக்கிற தோட்டத்து ஆளுங்க எத்தன பேரு?" என்று கேட்டாள். நான் பிறந்த தோட்டம் அது. எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே நாங்களே தேடப் போகிறோம். மேட்டு லயத்து வரிசையில் நம் வீடு போக மற்றப் பதினேழு வீட்டையும் எடுத்துக்கொண்டோம். பழைய கடதாசிகளை ஸ்கேன் பண்ணுகிறோம், பெரியவர்களின் குரலைப் பதிகிறோம், எல்லாவற்றையும் ஒரு சீடியாக்கி மார்ச் மாதம் தோட்டத்து ஆட்களுக்கே போட்டுக் காட்டுவோம். பிள்ளைகளுக்கு நான் சொன்ன சட்டம் இரண்டுதான். ஒருவர் சொன்னதை வெட்டக் கூடாது. எவர் பெயரையும் மறைக்கக் கூடாது.

எழுபதில் பிரஜாவுரிமை ஃபாரங்கள் வந்தபோது மேட்டு லயத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த இளந்தாரி நீங்கள்தான். எல்லோருக்கும் நீங்கள் எழுதிக் கொடுத்தது எனக்கு ஞாபகம். உங்களைச் சுற்றிப் பெரிய கூட்டம் நிற்கும், நான் பெருமையாகப் பார்ப்பேன். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. உங்கள் பதில் வந்த பிறகு, "இவர் என் அண்ணன்" என்று சொல்லி அசத்த வேண்டும். நடந்ததை எழுதுங்கள். பழைய பாஸ்போட்டின் போட்டோ பிரதியும் வேண்டும்.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கச்சி
சந்திரகாந்தா

*

கோத்தகிரி
16.08.2003

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் கடவுள் புண்ணியத்தில் இருக்கிறோம். மச்சானையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இங்கே மழை விடவில்லை, போட்ட முட்டைக்கோசு பாதி அழுகிவிட்டது.

ஒரு நல்ல செய்தி. பெரியவனுக்குப் பெண் பார்த்து முடிவாகிவிட்டது. யார் என்று நினைக்கிறாய்? மேட்டு லயத்து நல்லம்மா அக்காவின் பேத்தி. எண்பத்திரண்டில் கப்பலேறி வந்தார்களே, அந்தக் குடும்பம்தான். அக்காவின் தங்கை கிருஷ்ணம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாளாம். சித்திரையில் கல்யாணம். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம் என்னிடம்தான் வாசிக்க வரும். எங்கள் இரண்டு வீடும் முன்பே ஒரு வீடு மாதிரித்தான்.

பாஸ்போட் பிரதி வைத்திருக்கிறேன். ஃபாரம் எழுதிய விஷயம் முப்பத்து மூன்று வருடக் கதை, அவ்வளவாக ஞாபகம் இல்லை. பிள்ளைகளுக்குச் சரித்திரம் வேண்டுமென்றால் அங்கே பக்கத்தில் இருக்கும் நாலந்தா கெடிகே கற்கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போ. படம் பிடிக்கவும் அழகாக இருக்கும்.

இப்படிக்கு
அண்ணா

*

உக்குவளை
07.09.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெரியவனின் கல்யாணச் செய்தி கேட்டு மனம் நிறையச் சந்தோசம். வீட்டில் பாயாசம் வைத்தேன். எல்லோரும் சுகம், உங்கள் மச்சானுக்கு மட்டும் தடிமன், தும்மல்.

ஆனால் அண்ணா, நாலந்தா கெடிகேயா? எங்கள் பள்ளி அதிபரும் அதையேதான் சொன்னார். "டீச்சர், சமாதானம் வந்து இப்பதான் ரோட்டுல பஸ் ஓடுது. இந்த நேரத்துல இதெல்லாம் கிளறணுமா? கெடிகேயப் படம் புடிச்சா ஒரு பிரச்சினையும் இல்ல" என்றார். நீங்கள் இரண்டு பேரும் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்து ஒத்திகை பார்த்தீர்களா? கெடிகேயைப் பார்க்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள் சேர், கிருஷ்ணம்மாவைப் பார்க்க நாங்கள்தான் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கணினி அறைச் சாவியைத் தந்தார்.

கிருஷ்ணம்மாவின் கதை உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். எண்பத்து நான்கில் அவருடைய முறை வந்தது. பெட்டி கட்டி முடித்த நேரம் யுத்தத்தால் தலைமன்னார்க் கப்பல் நின்றுபோனது. அன்றிலிருந்து அந்த நாடும் இல்லை, இந்த நாடும் இல்லை. அடையாள அட்டை இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது என்பதால் பதினெட்டு வருடமாகப் பலாபத்வல சந்திக்கு அந்தப் பக்கம் போனதில்லையாம். சொந்த மகள் கலேவலையில் பிள்ளை பெற்றபோதும் போகவில்லை. நாச்சியா இதைக் கொம்பியூட்டரில் பாமினி எழுத்தில் தட்டிக்கொண்டே அழுதாள்.

மேட்டு லயத்துப் பதினேழு வீடும் சிலோனுக்கு எழுதி, சிலோன்காரர்கள் தள்ளிவிட்டதாகத்தான் தோட்டத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் தள்ளினார்கள் என்று கேட்டு, பதினேழு பெயரையும் போட்டுக் கொழும்பு பிரஜாவுரிமை ஆபீசுக்குப் பிள்ளைகள் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறார்கள். ஞாபகம் இல்லை என்று தப்பிக்காமல் நீங்களும் எழுதுங்கள். பாட்டனாரின் பழைய ரசீதைக்கூட வருடம் தேதியோடு சொல்கிற ஆள் நீங்கள்.

தங்கச்சி
சந்திரகாந்தா

*

உக்குவளை
19.10.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நாங்கள் சுகம்.

இந்த மாதம் பாராளுமன்றத்தில் சட்டம் நிறைவேறிவிட்டது. நாடில்லாமல் மிச்சமிருந்தவர்கள் எல்லோருக்கும் பிரஜாவுரிமை. வகுப்பில் பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள், நானும் அடக்கவில்லை.

அதே வாரம் கொழும்பிலிருந்தும் பதில் வந்தது. வராது என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பதினேழு பெயரிலும் சிலோன் பிரஜாவுரிமைக்கு ஒரு விண்ணப்பமும் வரவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணா, தள்ளப்படவில்லை. வரவே இல்லை.

ஜுனைதீன் சேரும் பிள்ளைகளும் அந்தக் கடிதத்தைக் கிருஷ்ணம்மாவிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டிப் பதிந்தார்கள். நான் அன்றைக்குப் போகவில்லை. மறுநாள் கணினி அறையில் எல்லோரோடும் உட்கார்ந்து கேட்டேன். சொல்லை மாற்றாமல் எழுதுகிறேன்:

"நான் சிலோன்னுதான் சொன்னேன். எங்க அக்காளும் சிலோன்னுதான் சொன்னா. ஒரு ஞாயித்துக்கெழம வெத்து ஃபாரத்துல கைநாட்டு வாங்கிட்டுப் போனான், அப்புறமா எழுதிக்கிறேன்னு. தள்ளிட்டாங்கன்னுதான் இத்தன வருஷமா நெனச்சேன். எழுதினது நல்லையாதான்."

அதோடு குரல் முடிந்துவிட்டது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். பாவம், நல்லையா என் அண்ணன் என்று அவர்களுக்கு என்ன தெரியும்? அடுத்து என்ன செய்யலாம் என்றுதான் பார்த்தார்கள். நான் மணி அடித்துவிட்டது என்று சொன்னேன். அடிக்கவில்லை.

நேராகக் கேட்கிறேன். அந்தப் பதினேழு ஃபாரத்திலும் என்ன எழுதினீர்கள்?

சந்திரகாந்தா

*

கோத்தகிரி
11.11.2003

தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

அந்தப் பேச்சை வெட்டிவிடு. கொம்பியூட்டரில் வெட்டுவது ஒரு நிமிட வேலை என்று என் சின்னவன் சொல்கிறான். உனக்கு இது பாடம். மார்க் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவாய். அந்தப் பதினேழு வீட்டில் பதினொரு வீடு இங்கே என் வீட்டைச் சுற்றித்தான் இருக்கிறது. நான் அவர்கள் முகத்தில்தான் விழிக்கிறேன். சித்திரையில் அவர்கள் வீட்டுப் பெண்தான் என் வீட்டுக்கு வருகிறாள். இதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்காதே.

அண்ணா

*

உக்குவளை
21.12.2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெட்ட மாட்டேன்.

இதை எழுத எனக்கு ஒரு மாதம் எடுத்தது. கோபத்தில் நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். நீங்கள் எழுபத்தாறில் கப்பலேறியபோது எனக்குப் பதினேழு வயது. இந்தியாவில் வீடு தருகிறார்கள், காணி தருகிறார்கள் என்று ஆசைப்பட்டு மகன் போய்விட்டான் என்று அப்பா சொன்னார். அம்மா சாகும்வரை அதைத்தான் நம்பினார். நானும் நம்பினேன், உள்ளுக்குள் உங்களை வெறுத்துக்கொண்டுதான் வருடா வருடம் பொங்கல் வாழ்த்து அனுப்பினேன். இப்போது வேறு ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பழையதையே நம்ப வேண்டியிருக்கும். உங்களுக்கு அதுதான் விருப்பமா?

இங்கே இந்த மாதம் பதிவு வேலை மும்முரமாக நடந்தது. தோட்டம் தோட்டமாக மேசை போட்டு ஃபாரம் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பு பத்து நாளும் அங்கேதான் நின்றது. நாச்சியா ஒவ்வொரு ஃபாரத்தையும் எழுதி முடித்து, சத்தம் போட்டு வாசித்துக் காட்டி, "சரியா அம்மா?" என்று கேட்ட பிறகுதான் மைப் பேட்டை நீட்டினாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. கிருஷ்ணம்மாவின் குரலைக் கேட்ட பிறகு அவளாகவே வைத்துக்கொண்ட முறை அது.

கிருஷ்ணம்மாவுக்கும் பத்திரம் கிடைத்துவிட்டது. வரிசையில் என்னைப் பார்த்து, "நீ முத்துவீரன் மக தானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த நல்லையான்னு பிள்ளைகள்ட்ட நான் சொல்லல ஆத்தா. அத நீ சொல்லு, இல்ல அவன் சொல்லட்டும்" என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுங்கள்.

சந்திரகாந்தா

*

கோத்தகிரி
26.01.2004

அன்புத் தங்கச்சிக்கு,

பொங்கல் வாழ்த்து கிடைத்தது. இந்த வருடமும் அனுப்பினாய், அதற்கே உனக்கு ஒரு கும்பிடு. நாங்கள் சுகம்.

சொல்கிறேன். எழுபது மாசி மாதம். நான் கண்டிக்குப் போய் ஒரு கட்டு ஃபாரம் வாங்கி வந்தேன். அவை எல்லாம் இந்தியா ஃபாரம். சிலோன் ஃபாரம் வேறு, அது இரண்டு வாரத்தில் வரும் என்றார்கள். நான் டிஸ்பென்சரியிலிருந்து மைப் பேட் ஒன்றை ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கியிருந்தேன். திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். பெரட்டு எடுத்து வேலை நடக்கும் நாளில் ஆட்களைச் சேர்க்கவும் முடியாது. அதனால் கையில் இருந்த ஃபாரத்திலேயே பதினேழு வீட்டுக் கைநாட்டையும் வாங்கிவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எனக்கு அப்போது இருபது வயது. எல்லோரும் "தம்பி, தம்பி" என்று என்னைச் சுற்றி நின்றார்கள். எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று ஒரு எண்ணம்.

நம் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், தலைப்பையும் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டார். "இது வேற பேப்பர்டா. எல்லாருக்கும் போய்ச் சொல்லு" என்று என்னைத் திட்டிவிட்டு, தானே மாத்தளைக்கு நடந்துபோய் நம் வீட்டுக்குச் சிலோன் ஃபாரம் வாங்கி வந்தார். உன் நாடு உனக்கு அப்படிக் கிடைத்ததுதான். மற்ற வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை.

இரண்டு வாரம் என்றது இழுத்து இழுத்து, மற்ற வீடுகளுக்கான சிலோன் ஃபாரம் கைக்கு வரும்போது கடைசித் தேதிக்கு ஒன்பது நாள். அது பிறப்புச் சாட்சி, பாட்டன் பிறந்த இடம், இருந்த தோட்டம் என்று பக்கம் பக்கமாகக் கேட்டது. யாரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. வீடு வீடாகப் போய், நான் தவறாகக் கைநாட்டு வாங்கிவிட்டேன், திரும்பத் தாருங்கள் என்று கேட்க வெட்கம் விடவில்லை. ஒன்றும் எழுதாமல் விட்டால் எந்த நாடும் இல்லாமல் போகும் என்று கண்டியில் ஒருவர் பயமுறுத்தியிருந்தார். பதினேழையும் இந்தியா என்று நிரப்பித் தபாலில் போட்டேன். அந்தக் கட்டிலேயே பதினெட்டாவதாக என்னுடையதையும் எழுதினேன். அவர்களை அனுப்பிவிட்டு நான் இங்கேயே இருக்க முடியாது என்று தோன்றியது. வீட்டுக்கும் காணிக்கும் ஆசைப்பட்டு நான் வரவில்லை தங்கச்சி.

பாஸ்போட் வந்ததும் எல்லோரும் திகைத்தார்கள். "சிலோன்காரன் தள்ளிட்டான், இந்தியாக்காரன் எடுத்துக்கிட்டான்" என்று நான்தான் சொன்னேன். அந்தப் பொய்தான் இன்றைக்கும் ஓடுகிறது. அப்பாவுக்கு மட்டும் உண்மை தெரியும். மகனைத் திருடன் என்பதைவிட ஆசைக்காரன் என்று சொல்வது அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

நடந்ததை எல்லாம் சீடியில் போடு. கிருஷ்ணம்மா பட்டதற்கு அதுவாவது வேண்டும். ஒரு பிச்சை கேட்கிறேன், பெயரை மட்டும் விட்டுவிடு. கல்யாணம் முடியட்டும்.

அண்ணா

*

உக்குவளை
15.02.2004

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை நானும் உங்கள் மச்சானும் சேர்ந்து வாசித்தோம். நான் அழுதேன். இத்தனை வருடம் உங்களை நினைத்துவைத்திருந்த விதத்துக்காக என்னை மன்னியுங்கள். இனிமேல் அந்தக் கசப்பு என்னிடம் இல்லை, சத்தியமாக இல்லை.

பெயர் விஷயத்துக்கும் ஒரு வழி கிடைத்துவிட்டது. கிருஷ்ணம்மா "நல்லையா" என்று மொட்டையாகத்தான் சொல்கிறார். அதை வெட்ட முடியாது, என் சட்டம் அது. ஆனால் அந்த நாளில் நம் தோட்டத்தில் மூன்று நல்லையா இருந்தார்கள், ஞாபகமா? நீங்கள், ஸ்டோர் நல்லையா, கவ்வாத்து நல்லையா. மற்ற இருவரும் காலமாகிவிட்டார்கள். அன்றைக்குக் கைநாட்டு வைத்தவர்களில் மேட்டு லயத்தில் இப்போது மிச்சமிருப்பது கிருஷ்ணம்மா மட்டும்தான். நாங்கள் கூடுதலாக ஒன்றும் எழுதாமல் விட்டால் யாரென்று யாருக்கும் தெரியப் போவதில்லை. நீங்கள் எழுதியனுப்பியதை "மேட்டு லயத்திலிருந்து போன ஒருவர்" என்று போட்டுக்கொள்கிறேன்.

மார்ச் 27 சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் படம். அதிபரே கதிரைகளுக்குச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் எல்லோரும் நல்ல உற்சாகமாக இருக்கிறார்கள். இங்கே ஒரு குறையும் இல்லை. நீங்கள் நிம்மதியாகக் கல்யாண வேலையைப் பாருங்கள்.

தங்கச்சி
சந்திரகாந்தா

*

மேட்டு லயம்
28.02.2004

என் அக்கா நல்லம்மாவுக்கு,

தங்கச்சி கிருஷ்ணம்மா சொல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளை நாச்சியா எழுதுவது. நான் சொகமா இருக்கேன். நீ சொகமா? பேத்தி கல்யாணத்துக்கு என் ஆசீர்வாதம். பிரஜாவுரிமைப் பத்திரம் கெடச்சிருச்சு. பலாபத்வல தாண்டி மக வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேன். பேரப்பிள்ளைக்கு மீசை மொளச்சிருச்சு.

அக்கா, நம்மள சிலோன் தள்ளல. நம்ம ஃபாரம் சிலோனுக்குப் போகவே இல்லையாம். கொழும்பிலிருந்து எழுத்துல வந்திருக்கு. நம்ம பேருக்கு இந்தியான்னு எழுதினவன் நல்லையா. அவன் அங்கதான் உன் பக்கத்துல இருக்கான். சண்டை போடச் சொல்லல. ஏன் எழுதினேன்னு ஒரு வார்த்த கேளு. கேட்டு எனக்குச் சொல்லு.

இவ்வளவும் கிருஷ்ணம்மா சொன்னது. வாசித்துக் காட்டினேன், சரி என்றார்.

மதிப்புக்குரிய நல்லம்மா அம்மா அவர்களுக்கு நாச்சியா எழுதும் சில வரிகள். எங்கள் ஆய்வுக்கு ஒரு விவரம் வேண்டும். அவர் அங்கே இருக்கிறார் என்று மட்டும் சொன்னால் இங்கே யாரும் நம்புவதில்லை, அந்த நல்லையா எந்த நல்லையா? இந்த அம்மா சொல்ல மாட்டேன் என்கிறார், டீச்சரைக் கேட்கச் சொல்கிறார். டீச்சரைக் கேட்டோம். தெரியாது என்றார். எங்கள் வகுப்பில் ஜெயந்திமாலா என்று ஒரு பிள்ளை இருக்கிறாள், ஸ்டோர் நல்லையா என்பவரின் பேத்தி. அவளுடைய தாத்தாதான் ஆட்களை நாடு கடத்தியவர் என்று லயத்தில் பேசி, பிள்ளைகள் கேலி செய்து, மூன்று வாரமாக அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. தாத்தா அப்படிச் செய்யவில்லை என்றால் நாங்கள் அதைச் சீடியில் போட வேண்டும். செய்திருந்தால் அதையும் போட வேண்டும். தயவுசெய்து எழுதுவிக்கவும்.

*

கோத்தகிரி
12.03.2004

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

நேற்று நல்லம்மா அக்கா ஒரு கடிதத்தோடு வந்தார். கிருஷ்ணம்மாவிடமிருந்து வந்தது, வாசித்துச் சொல் தம்பி என்று நீட்டினார். உறை பிரிக்கப்படவில்லை. பிரித்து முதலில் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகம், ஆசீர்வாதம், பத்திரம், பேரனுக்கு மீசை. அதோடு நிறுத்தி மடித்துக் கொடுத்திருந்தால் அக்கா சந்தோசமாகப் போயிருப்பார். நான் என்ன வாசிக்கிறேனோ அதுதான் அவருக்குக் கடிதம். எழுபதிலும் அப்படித்தான் இருந்தது.

எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தேன். அந்தப் பிள்ளை நாச்சியாவின் வரிகளையும் வாசித்தேன். பிறகு, "அந்த நல்லையா நான்தான் அக்கா" என்று சொல்லி, உனக்கு எழுதியதை எல்லாம் அவரிடம் சொன்னேன்.

அக்கா வாசல்படியை விட்டு எழுந்தார். "அப்ப நம்மள யாரும் தள்ளலியா?" என்றார். இல்லை என்றேன். "இருபத்திரண்டு வருஷமா நான் அந்த நாட்டயில்ல திட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே யார திட்டுறது, சொல்லு" என்றார். கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். கல்யாணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பெரியவன் காலையிலிருந்து சாப்பிடவில்லை. மற்றப் பத்து வீட்டுக்கும் இன்றைக்குப் போகிறேன். முழங்கால் ஒத்துழைத்தால் பொழுது சாய்வதற்குள் முடியும்.

தங்கச்சி, நீ எனக்காகத்தான் தெரியாது என்று சொன்னாய். அது எனக்கு விளங்குகிறது. அந்த ஜெயந்திமாலாவைப் பற்றி எனக்கு ஒரு வரி எழுதாமல் விட்டதும் எனக்காகத்தான். ஆனால் நீ செய்தது நான் செய்ததே. உண்மை கையில் இருந்தது. போய்ச் சொல்ல வெட்கம். இன்னொரு வீட்டுப் பிள்ளை அதற்கு விலை கொடுத்தது. நான் முப்பத்து நான்கு வருடம் அதோடு இருந்தேன், நீ ஒரு மாதத்தோடு நிறுத்திக்கொள்.

ஸ்டோர் நல்லையா அண்ணன் யாருக்கும் ஒரு தீங்கும் நினைக்காத மனுசன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவர் வீட்டுக்குப் போ. அந்தப் பிள்ளையிடமும் அதன் தாய் தகப்பனிடமும் உன் வாயால் சொல். அதற்குப் பிறகு வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் சொல். அதற்குப் பிறகுதான் படம்.

என் பெயரை மொட்டையாகப் போடாதே. நாச்சியாவிடம் கொடுத்து இப்படியே தட்டச் சொல், தட்டியதை ஒரு தடவை சத்தமாக வாசிக்கவும் சொல்:

முத்துவீரன் மகன் நல்லையா, மேட்டு லயம், ஐந்தாம் காம்பரா. பதினேழு வீட்டுக்கும் கேட்காமல் இந்தியா என்று எழுதியவர். இந்தப் பள்ளிக்கூடத்து அரசியல் டீச்சரின் கூடப்பிறந்த அண்ணன்.

இப்படிக்கு
மு. நல்லையா